இரண்டாம் இதழில் முதிர்ந்த ஸ்பைடர்மேன்

சென்ற அத்தியாயம் 1973இல், க்வென் ஸ்டேசி பாலத்திலிருந்து விழுந்து இறந்த இடத்தில் நின்றது. ஸ்பைடர்மேன் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அங்கிருந்து ஒரே தாவலில் 1984இன் கறுப்பு உடைக்குப் போவார்கள். பிறகு 1987இல் பீட்டர் பார்க்கருக்கும் மேரி ஜேனுக்கும் நடந்த திருமணம், 1988இல் வெனமின் வருகை, 1994இல் தொடங்கிய குளோன் கதை என்று மைல்கற்களை எண்ணி முடித்துவிடுவார்கள். பட்டியலில் பிழையில்லை. ஆனால் அது அநேகமாக 'தி அமேசிங் ஸ்பைடர்மேன்' என்ற மூத்த இதழின் வரலாறு மட்டுமே. 1976 டிசம்பர் தேதியிட்டு 'பீட்டர் பார்க்கர், தி ஸ்பெக்டாகுலர் ஸ்பைடர்மேன்' என்ற பெயரில் இன்னொரு மாத இதழ் தொடங்கி, 1998இல் 263ஆம் இதழோடு நின்றது. இருபத்திரண்டு ஆண்டுகள் ஓடிய அந்த இதழை இன்றும் பலர் உபரிச் சரக்காகவே பார்க்கிறார்கள். பீட்டர் பார்க்கர் என்ற மனிதன் முதிர்ந்தது பெரும்பாலும் இந்த இரண்டாம் இதழில்தான் என்பது என் முடிவு. அதற்கான சான்றுகளை இந்த அத்தியாயத்தில் வைக்கிறேன். (லயன் காமிக்ஸ் வழியாகத் தமிழ் வாசகர்களுக்கு அறிமுகமான ஸ்பைடர் வேறு; அவன் பிரிட்டனில் பிறந்த குற்றச் சக்கரவர்த்தி. இங்கே பேசப்படுவது 1962 ஆகஸ்டில் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் படைத்த நியூயார்க் பையன்.)

முதலில் காரணத்தைப் பார்க்கலாம். ஒரே நாயகனுக்கு மாதம் இரண்டு இதழ்கள், 1985இல் 'வெப் ஆஃப் ஸ்பைடர்மேன்' தொடங்கிய பிறகு மூன்று இதழ்கள் என்று ஆனபோது, பெரிய திருப்பங்கள் எதில் நடக்க வேண்டும் என்பது பதிப்பகமான மார்வெலுக்கு வணிகக் கேள்வியாகிவிட்டது. விடை இயல்பாகவே மூத்த இதழின் பக்கம் சாய்ந்தது. புது உடையை வாசகர் முதலில் பார்த்தது 'அமேசிங்' 252இல். திருமணம் நடந்தது அதன் ஆண்டு மலரில். வெனமின் பிறப்புக் கதை அதன் 300ஆம் இதழில். இரண்டாம் இதழை எழுதியவர்களுக்கு அந்தக் கதவுகள் பெரும்பாலும் பூட்டியே இருந்தன. நாயகனின் வாழ்க்கையை வெளியிலிருந்து மாற்ற முடியாதவனுக்கு மூன்று வழிகள்தாம் மிச்சம்: துணைப் பாத்திரங்களின் வாழ்க்கைக்குள் போகலாம், வில்லனின் மனத்துக்குள் போகலாம், முன்பு நடந்தவற்றின் பின்விளைவுகளைத் துருவலாம். 'ஸ்பெக்டாகுல'ரின் நல்ல ஆண்டுகள் முழுக்க இந்த மூன்று வழிகளில் நடந்தவைதாம்.

ஆரம்ப ஆண்டுகளை நான் விரிவாகப் பேசப்போவதில்லை. அவற்றில் பெரும்பகுதி மாதக் கெடுவுக்கு எழுதப்பட்ட சண்டைக் கதைகள். பில் மான்ட்லோ எழுதிய பகுதியில்தான் இதழுக்கு முதன்முறையாகத் தனிக் குணம் வந்தது. 1982 மார்ச் தேதியிட்ட 64ஆம் இதழில் அவரும் ஓவியர் எட் ஹானிகனும் க்ளோக், டாகர் என்ற இருவரை அறிமுகம் செய்தார்கள். வீட்டை விட்டு ஓடிவந்து, போதைமருந்து தயாரிக்கும் கும்பலின் சோதனைக்குப் பலியாகி, அதனால் சக்தி பெற்ற பதின்வயதினர் அவர்கள். தங்களை நாசமாக்கியவர்களை அவர்கள் கொல்கிறார்கள்; ஸ்பைடர்மேன் தடுக்க முயல்கிறான்; வாசகனின் மனம் எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் தத்தளிக்கிறது. தண்டிக்கும் உரிமை யாருக்கு என்ற கேள்வி இந்த இதழுக்குள் நுழைந்தது அங்கேதான். மூன்று ஆண்டுகள் கழித்து அதே கேள்வி இன்னும் கூர்மையாகத் திரும்பி வந்தது.

1985 அக்டோபர் முதல் 1986 ஜனவரி வரையான தேதிகளில், 107 முதல் 110 வரை நான்கு இதழ்களில் வெளிவந்தது 'ஜீன் டிவுல்ஃபின் மரணம்'. எழுதியவர் பீட்டர் டேவிட். அப்போது மார்வெலின் விற்பனைப் பிரிவில் வேலை பார்த்தவர், கதாசிரியராகப் புதியவர். ஓவியர் ரிச் பக்லர். ஜீன் டிவுல்ஃப் 1976 முதல் வாசகர்களுக்குப் பழகிய காவல்துறை கேப்டன், ஸ்பைடர்மேனை நம்பிய சில அதிகாரிகளில் ஒருவர். அவர் தூக்கத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டுக் கிடப்பதோடு கதை தொடங்குகிறது. 'சின் ஈட்டர்' என்ற முகமூடிக்காரன் ஷாட்கன்னோடு அலைகிறான். அடுத்து ஒரு நீதிபதி சாகிறார், பிறகு ஒரு பாதிரியார். விசாரணையில் ஸ்பைடர்மேனோடு தோள் சேர்ந்து நடந்த துப்பறியும் அதிகாரி ஸ்டான் கார்ட்டர்தான் கொலைகாரன் என்று கடைசியில் தெரிகிறது. மர்மம் இத்தோடு முடிந்துவிடுகிறது, கதை முடிவதில்லை. தன் பழைய தோழி பெட்டி லீட்ஸைக் காப்பாற்றும் வேகத்தில் ஸ்பைடர்மேன் கார்ட்டரை அடிக்கிறான். அவன் வீழ்ந்த பிறகும் அடிக்கிறான். இன்னொரு முகமூடி நாயகனான டேர்டெவில் குறுக்கே விழுந்து தடுக்க வேண்டியிருக்கிறது.

டேர்டெவிலின் மறுபக்கமான மேட் மர்டாக் ஒரு வழக்கறிஞர். கொல்லப்பட்ட நீதிபதிக்கு நண்பர். இழப்பு இருவருக்கும் உண்டு. ஒருவர் அந்த இழப்போடு நீதிமன்றத்தை நோக்கி நடக்கிறார், இன்னொருவன் முஷ்டியை நோக்கி நடக்கிறான். கார்ட்டரைக் கும்பல் ஒன்று அடித்தே கொல்ல முயலும்போது ஸ்பைடர்மேன் உடனே இறங்கி வருவதில்லை. கும்பலுக்கு நடுவே சிக்கிய டேர்டெவில் அவனை முகமூடிப் பெயரால் அல்ல, சொந்தப் பெயரால் கூப்பிட்ட பிறகுதான் வருகிறான். இதற்கு இணையாகக் கிளைக்கதை ஒன்றும் ஓடுகிறது. மே அத்தையின் வீட்டில் குடியிருக்கும் முதியவர் எர்னி பாப்சிக் முதலில் வழிப்பறிக்கு ஆளாகிறார். பின்னர் ரயிலில் இளைஞர்களைச் சுட்டுவிடுகிறார். 1984 டிசம்பரில் நியூயார்க் சுரங்க ரயிலில் ஒருவர் நான்கு இளைஞர்களைச் சுட்டதும், அவரை வீரர் என்று நகரத்தில் பலர் கொண்டாடியதும் அன்றைய வாசகர்களுக்குப் பச்சையான நினைவு. பத்திரிகைகளிலும் தெருவிலும் நடந்துகொண்டிருந்த வாதத்தை ஒரு சூப்பர்ஹீரோ இதழ் தன் கதைக்குள் இழுத்து, முகமூடி அணிந்து தண்டிக்கும் நாயகனையே அந்தக் கூண்டில் ஏற்றியது. சூப்பர்ஹீரோ கதையின் அடித்தளத்தையே அது கேள்வி கேட்டது.

இந்தக் கதைக்குப் புகழ் இல்லையா என்று கேட்கலாம். உண்டு, தொகுப்பாகவும் வந்திருக்கிறது. ஆனால் அதன் மறுபாதியைப் படித்தவர்கள் மிகச் சிலர். 1988 ஜனவரி தேதியிட்ட 134ஆம் இதழ் முதல் 136 வரை பீட்டர் டேவிட் கார்ட்டரைத் திரும்பக் கொண்டுவந்தார். இம்முறை ஓவியர் சால் பியூசிமா. விடுதலையாகி வரும் கார்ட்டர் நொண்டுகிறான், காது சரியாகக் கேட்கவில்லை, பேச்சு தடுமாறுகிறது. அத்தனையும் ஸ்பைடர்மேனின் அடியால் வந்தவை. இருபத்தைந்து ஆண்டுகளாக வில்லன்கள் அடி வாங்கி, அடுத்த மாதம் எழுந்து வந்துகொண்டிருந்த உலகத்தில் முதன்முறையாக ஓர் அடி ஆறாமல் நின்றது. அதைப் பார்த்த ஸ்பைடர்மேன் தன் பலத்தைக் கண்டே அஞ்சுகிறான். எலக்ட்ரோ என்ற வில்லனோடு மோதும்போது முழு வேகத்தில் கை ஓங்க முடியாமல் தோற்கிறான். கார்ட்டரோ தனக்குள் இருக்கும் சின் ஈட்டரின் உருவத்திலிருந்து தப்ப முடியாமல், குண்டு போடாத துப்பாக்கியோடு காவலர்கள் முன் போய் நின்று சாகிறான். முதல் கதை கோபத்தைப் பற்றியது, இது அந்தக் கோபத்துக்கான கணக்கு. என் பார்வையில் ஸ்பைடர்மேன் கதைகளில் மிகவும் குறைத்து மதிக்கப்பட்டவை இந்த மூன்று இதழ்கள்தாம். அதே ஆண்டு மே மாதத் தேதியில் 'அமேசிங்' 300 வந்தது, வெனம் வந்தான், அவனுடைய நாக்கும் பற்களும் எல்லாக் கண்களையும் இழுத்துக்கொண்டன. அந்த வெனமின் கதையையே எடுத்துப் பாருங்கள். எட்டி ப்ராக் ஒரு பத்திரிகையாளன். நான்தான் சின் ஈட்டர் என்று பொய்யாக வாக்குமூலம் தந்த எமில் க்ரெக்கை நம்பிப் பேட்டி எழுதுகிறான். ஸ்பைடர்மேன் உண்மையான கொலைகாரனைப் பிடித்ததும் வேலையை இழக்கிறான். அந்த அவமானத்தில்தான் வெறுப்பு பிறக்கிறது. மூத்த இதழின் மிகப் பிரபலமான வில்லனுக்கு வேர் இரண்டாம் இதழில் இருக்கிறது.

ஜீன் டிவுல்ஃபின் கதைமீது நியாயமான கண்டனம் ஒன்றும் உண்டு. ஒரு பெண் அதிகாரியை முதல் பக்கங்களிலேயே கொன்று, ஆண் நாயகனின் கோபத்துக்கு எரிபொருளாக்கிவிட்டார்கள் என்பது அது. அவர் ஸ்பைடர்மேனை உள்ளூர நேசித்தார் என்று இறந்த பிறகு தெரியவருவது அந்தக் கண்டனத்தை இன்னும் வலுவாக்குகிறது. இதை நான் மறுக்கமாட்டேன். தன் மரணம் பற்றிய கதையில் ஜீனுக்குப் பேச ஒரு சொல்கூட இல்லாதது குறைதான். ஆனால் க்வென் ஸ்டேசியின் மரணத்தோடு ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு தெரியும். அங்கே நாயகனின் கோபத்துக்கு நியாயம் இயல்பாகவே கிடைத்துவிடுகிறது. க்வெனைக் கொன்ற பச்சை கோப்ளின் தன் பறக்கும் ஊர்தியாலேயே குத்துப்பட்டுச் சாவதால் நாயகனின் கையில் ரத்தம் படுவதில்லை. இங்கே கோபமே குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது, இரண்டாண்டு கழித்துத் தீர்ப்பும் வருகிறது.

துணைப் பாத்திரத்தின் வாழ்க்கைக்குள் போன வழிக்குச் சான்று ராபி ராபர்ட்சன். 1967இல் 'டெய்லி ப்யூகிள்' நாளிதழின் ஆசிரியர் குழுவில் அறிமுகமானவர். அமெரிக்கக் காமிக்ஸில் கறுப்பினத்தவர் ஒருவரைப் பொறுப்பும் மதிப்பும் உள்ள அலுவலகப் பதவியில் வாசகர்கள் பார்த்த முதல் சில தருணங்களில் அது ஒன்று. இருபது ஆண்டுகளாக அவர் நல்லவர், நிதானமானவர், பத்திரிகை அதிபர் ஜேம்சனின் கூச்சலுக்கு நடுவே நியாயம் பேசுகிறவர், அவ்வளவுதான். ஜெரி கான்வே எண்பதுகளின் இறுதியில் இந்த இதழுக்குத் திரும்பியபோது அந்த நல்லவருக்கு ஒரு ரகசியத்தைக் கொடுத்தார். இளமையில் தன் கண்ணெதிரே நடந்த கொலையைப் பார்த்தும், கொலைகாரனுக்குப் பயந்து வாய் திறக்காதவர் ராபி. கொலைகாரன் அவரோடு ஹார்லெமில் வளர்ந்த டூம்ஸ்டோன், வெளிறிய தோலும் கூர்தீட்டிய பற்களும் கொண்டவன். இருபது ஆண்டு கழித்து அவன் நியூயார்க்குக்கு வருகிறான். ராபி எதிர்த்து நிற்கிறார், முதுகெலும்பில் பலத்த காயம் படுகிறது, உண்மையைச் சொல்கிறார், மறைத்த குற்றத்துக்காகச் சிறைக்கும் போகிறார். ஸ்பைடர்மேன் அவரைச் சிறையிலிருந்து தூக்கிக்கொண்டு வந்துவிட முடியாது. 'பெரும் ஆற்றலோடு பெரும் பொறுப்பு' என்ற பழைய பாடத்தை ஆற்றலே இல்லாத நடுவயது மனிதர் ஒருவர் மீது வைத்துப் பார்த்த கதை இது. பல மாதங்கள் விட்டுவிட்டு ஓடியதால் இதற்கு ஒரு தனித் தலைப்பு ஒட்டவில்லை. தலைப்பு இல்லாத கதை தொகுப்பாகக் கடைக்கு வருவது கடினம். இது மறக்கப்பட்டதற்கு அதுவே பாதிக் காரணம்.

அடுத்தது இந்த இதழின் சிகரம். 1991 ஜூலை தேதியிட்ட 178ஆம் இதழிலிருந்து ஜே. எம். டிமாட்டீஸ் எழுதத் தொடங்கினார். 1987இல் மூன்று ஸ்பைடர்மேன் இதழ்களிலும் பரவி ஓடிய 'க்ரேவனின் கடைசி வேட்டை'யை எழுதியவர் அவரே; அது இன்று கொண்டாடப்படுகிறது. ஆறு மாதம் ஓடிய 'உள்ளிருக்கும் குழந்தை' அதைவிடத் துணிச்சலானது, ஆனாலும் அதன் பெயரைக் கேட்டவர்கள் குறைவு. க்ரேவன் கதையில் சாக்கடைகளில் அலைந்த எலி மனிதன் வெர்மின் இங்கே மனநல மருத்துவர் ஆஷ்லி காஃப்காவின் பராமரிப்பில் இருக்கிறான். அவன் சிறுவயதில் தந்தையின் பாலியல் வன்முறைக்கு ஆளானவன் என்பது மெல்ல வெளிவருகிறது. பீட்டர் தன் பெற்றோர் இறந்தது தன் தவறால்தான் என்று குழந்தையாக நம்பிய பழைய குற்றவுணர்வை எதிர்கொள்கிறான். பீட்டரின் நண்பனும் முதல் கோப்ளினின் மகனுமான ஹாரி ஆஸ்போர்ன் இறந்த தந்தையின் குரலைக் கேட்டபடி மீண்டும் பச்சை கோப்ளின் ஆகிக்கொண்டிருக்கிறான். தந்தையரால் காயப்பட்ட மூன்று ஆண்கள். சண்டைகள் உண்டு, ஆனால் எந்தச் சண்டையும் எதையும் தீர்ப்பதில்லை; பேசுவதும் நினைவுகூர்வதும்தான் தீர்க்கின்றன. பிரச்சினையை அடித்துத் தீர்ப்பதே இலக்கணமான ஒரு வகைக்குள் இப்படி எழுத எவ்வளவு உறுதி வேண்டும்!

இது வெளிவந்த காலத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். 1990இல் டாட் மெக்ஃபார்லேனின் 'ஸ்பைடர்மேன்' முதல் இதழ் சுமார் 25 லட்சம் பிரதிகள் விற்றது. 1991இல் 'எக்ஸ்-மென்' புதிய முதல் இதழ் 80 லட்சத்தைத் தாண்டியது. வாங்கியவர்களில் பலர் படிக்க வாங்கவில்லை, விலை ஏறும் என்று பெட்டியில் பூட்டினார்கள். மெக்ஃபார்லேன் வழியில் வந்த நுணுக்கக் கோடுகளும் முறுக்கிய உடல்களும்தான் அன்றைய நாகரிகம். அறுபதுகளின் இறுதியிலிருந்து மார்வெலில் வரைந்துவந்த சால் பியூசிமாவின் தடித்த, நேரடியான கோடுகள் பழையவையாகத் தெரிந்தன. அவர் படங்களில் பின்னணி வெறுமையாக இருக்கிறது, முகங்கள் அளவுக்கு மீறி அலறுகின்றன என்று இன்றும் குறை சொல்கிறார்கள். ஹாரியின் முகத்தை அவர் கட்டத்துக்குக் கட்டம் எப்படி மாற்றுகிறார் என்று பார்த்தால் அந்தக் குறை நிற்காது. நட்பு, பொறாமை, பைத்தியம், மறுபடியும் நட்பு என்று ஒரே பக்கத்துக்குள் அந்த முகம் நான்கு தடவை மாறும். மனத்துக்குள் நடக்கும் கதைக்குப் பின்னணிக் கட்டடங்களை விட முகங்கள் முக்கியம் என்பதை அவர் அறிந்திருந்தார். 134இல் தொடங்கி 238 வரை, எட்டு ஆண்டுகளுக்கு மேலாக இந்த இதழின் ஓவியர் அவர்தான். இரண்டாம் இதழுக்குத் தொடர்ச்சியான ஒரு மனநிலை வாய்த்ததில் எழுத்தாளர்களுக்கு நிகரான பங்கு அவருக்கு உண்டு.

ஹாரியின் கதை 189ஆம் இதழில் உச்சத்துக்கு ஏறி, 1993 மே தேதியிட்ட 200இல் முடிகிறது. பளபளக்கும் உலோகத்தாள் அட்டையோடு விற்பனைக்கு வந்த இதழ் அது; அட்டைக்காக வாங்கியவர்களும் இருந்திருப்பார்கள். உள்ளே இருந்தது வேறு. ஹாரி தன் கட்டடத்தில் வெடிகுண்டுகள் வைத்துப் பீட்டரை மயக்கிக் கிடத்துகிறான். அதே கட்டடத்தில் மேரி ஜேனும் தன் மகன் நார்மியும் இருப்பது தெரிந்ததும் ஓடிப்போய் அவர்களைக் காப்பாற்றுகிறான். பிறகு பீட்டருக்காகவும் திரும்பி வருகிறான். அவன் உடம்பில் ஏற்றிக்கொண்ட மருந்து அவனையே கொல்கிறது. ஆம்புலன்ஸில் நண்பனின் கையைப் பிடித்தபடி சாகிறான். மார்வெலின் வழக்கப்படி கதைச்சுருக்கம் முதலில், படங்கள் பிறகு, வசனம் கடைசியில். பியூசிமா வரைந்து அனுப்பிய கடைசிப் பக்கங்களைப் பார்த்த டிமாட்டீஸ், தான் எழுதவிருந்த சொற்களைக் கைவிட்டார். அந்தப் பக்கங்கள் வசனமே இல்லாமல் அச்சாயின. 1965இல் அறிமுகமாகி, 1971இல் மாத்திரைகளுக்கு அடிமையாகி (தணிக்கை அமைப்பான காமிக்ஸ் கோட் அத்தாரிட்டியின் முத்திரை இல்லாமலேயே ஸ்டான் லீ வெளியிட்ட மூன்று இதழ்கள் அவை), 1974இல் தந்தையின் முகமூடியை அணிந்த ஒரு மனிதனின் வாழ்க்கை அத்தனையும் தெரிந்திருந்தால்தான் அந்த மௌனத்தின் கனம் புரியும். இருபத்தெட்டு ஆண்டுகள் தொடர்ந்து ஓடிய கதையால் மட்டுமே இப்படியொரு முடிவைத் தர முடியும். புதிதாகத் தொடங்கும் எந்த முதல் இதழாலும் முடியாது.

இங்கே வலுவான எதிர்வாதம் ஒன்று எழும். சூப்பர்ஹீரோ உலகில் மரணத்துக்கு அர்த்தம் ஏது? 2008இல் ஹாரி உயிரோடு திரும்பி வந்துவிட்டானே, பிறகு 200ஆம் இதழுக்கு மதிப்பு என்ன? உண்மை, 'அமேசிங்' 545இன் முடிவில் அவன் எதுவும் நடக்காததுபோல வந்து நின்றான். பல ஆண்டுகள் அப்படியே உலவினான். ஆனால் 2021இல் நிக் ஸ்பென்சர் தன் கதைவரிசையை முடிக்கும்போது, திரும்பி வந்தவன் ஒரு நகல் என்றும் உண்மையான ஹாரி 200ஆம் இதழிலேயே இறந்துவிட்டான் என்றும் எழுதினார். அதே ஸ்பென்சர் அதற்கு முந்தைய ஆண்டு சின் ஈட்டரையும் மீட்டெடுத்திருந்தார். மூத்த இதழின் கதாசிரியர் ஒருவர் தன் பெரிய கதையைக் கட்ட வேண்டிவந்தபோது கை வைத்த கற்கள் இரண்டாம் இதழிலிருந்து வந்தவை. அதிகாரபூர்வ வரலாறு எப்படித் திருத்தப்பட்டாலும் 1993இல் அச்சான அந்தப் பக்கங்கள் மாறுவதில்லை என்பது தனி. பதிப்பகமே அவற்றுக்குத் திரும்ப வேண்டிவந்தது என்பதுதான் இங்கே எனக்குச் சான்று.

இன்னொரு எதிர்வாதமும் உண்டு. 263 இதழ்களில் நான் எடுத்துச்சொன்னவை முப்பதுகூடத் தேறாது, மீதியெல்லாம் சாதாரணம்தானே? ஆம், பெரும்பகுதி சாதாரணம். சில மோசம். ஆனால் அதே கணக்கை 'அமேசிங்' மீது போட்டுப் பார்த்தாலும் விடை பெரிதாக மாறாது. அங்கே ரோஜர் ஸ்டெர்ன் 1982 முதல் 1984 வரை எழுதிய இதழ்கள் அருமையானவை, டிட்கோவின் காலம் ஈடற்றது. இடையே நீண்ட வறட்சிகள் உண்டு. மாத இதழ் என்ற அமைப்பின் இயல்பு அது. வேறுபாடு என்னவென்றால், அங்கே ஒரு சாதாரணக் கதைகூட முதல் தோற்றம், முதல் உடை என்ற அடையாளத்தால் விலைப்பட்டியலில் ஏறி நினைவில் தங்கிவிடுகிறது. இங்கே ஓர் அசாதாரணக் கதைக்கும் அந்த ஊன்றுகோல் இல்லை. முதல் தோற்றங்களையும் மரணங்களையும் வைத்துச் சந்தை எழுதிய வரலாற்றை வாசகர்களும் அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். ஒரு பாத்திரம் எப்போது அறிமுகமானது என்று கேட்ட அளவுக்கு, அது எப்போது மனிதனாக மாறியது என்று யாரும் கேட்கவில்லை.

இந்தக் கதைகளைத் தேடிப் படிக்க விரும்புகிறவர்கள் 200ஆம் இதழை முதலில் எடுக்க வேண்டாம். 107இல் தொடங்கி 110 வரை படித்துவிட்டு, இடைவெளி விடாமல் 134 முதல் 136 வரை படியுங்கள். பிறகு 178இலிருந்து வரிசையாக வாருங்கள். 200 தானாக வந்து சேரும்.

(தொடரும்)